பனிமலைப் பாதையில் ஒளிப்படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகில் சுமையும் கையில் கேமராவுமாகப் பனி மூடிய மலைகளில் நடப்பவர்களுக்கு எழும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்பட்டுள்ளன. வண்டியை நிறுத்திவிட்டுச் சாலையோரத்திலிருந்து படமெடுப்பவர்களுக்கும் இவற்றில் சில பயன்படும். ஆனால் குளிர், களைப்பு, நேரம், ஆபத்து ஆகிய நான்கையும் கணக்கில் கொண்டு முடிவெடுக்க வேண்டியவர்களை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டன. பனிக்கு என்று தனியாக ஒரு நிறமோ வடிவமோ கிடையாது. மேலே விழும் ஒளியும் அந்த ஒளி விட்டுச்செல்லும் நிழலுமே அதற்கு உருவம் கொடுக்கின்றன. கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

கண்ணுக்கு வெண்மையாகத் தெரியும் பனி, படத்தில் ஏன் மங்கிய சாம்பல் நிறமாக வருகிறது?

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, தன் முன்னால் இருப்பது பனியா பாறையா என்று அறியாது. எதைப் பார்த்தாலும், அது ஏறத்தாழ 18 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் பரப்பு என்று கருதியே அது கணக்கிடுகிறது. புதிதாக விழுந்த பனியோ தன் மீது விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பியனுப்புகிறது. இவ்வளவு ஒளி வருவதைக் கண்ட ஒளிமானி அதைக் குறைக்க முற்படுவதால் பனி சாம்பலாகிறது. பாறைகளும் முகங்களும் கறுத்துப்போகின்றன. ஆகவே, வழக்கத்திற்கு மாறாகத் தோன்றினாலும், மிகப் பிரகாசமான காட்சியில்தான் ஒளியளவைக் கூட்ட வேண்டும்.

ஒளிமானி கணக்கிட்ட அளவை நாமே கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 முதல் +2 ஸ்டாப் வரை உயர்த்துவது பொதுவான தொடக்கம் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இருமடங்காகும்). வெயில் படும் பனி சட்டகம் முழுவதையும் நிரப்பினால் +1.5 அல்லது +2 தேவைப்படும். வானமும் பாறையும் பாதியைப் பிடித்துக்கொண்டால் +0.7 போதுமானது. நாள்பட்டு அழுக்கேறிய பனி இவ்வளவு ஒளியைத் திருப்புவதில்லை என்பதால் அதற்கு இன்னும் குறைவாகக் கூட்டினால் போதும். இன்றைய கேமராக்கள் சிலவற்றில் ஒளிமானியே காட்சியை ஓரளவு உணர்ந்து திருத்திக்கொள்ளும். ஆகையால் ஓர் எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொண்டு ஓட்டுவதைவிட, முதல் படத்தை எடுத்தபின் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் இருளை இடப்புறமும் வெளிச்சத்தை வலப்புறமும் காட்டும் வரைபடத்தை, பார்ப்பதே நம்பகமானது. பனியின் மேடு வலது ஓரத்தை நெருங்கி நிற்க வேண்டும், ஆனால் சுவரில் மோதி நிற்கக் கூடாது.

மேகமற்ற நாளில், அளவுகளை நாமே நிலையாக வைக்கும் மேனுவல் முறைக்கு மாறிவிடுவது எனக்கு மிகவும் பிடித்த வழி. சூரியனின் ஒளி பல மணி நேரம் பெரிதாக மாறாத நிலையில், கேமராவை வானத்தின் பக்கம் திருப்பினாலும் பாறையின் பக்கம் திருப்பினாலும் பனியின் வெண்மை மட்டும் ஒரே அளவில் நிலைத்திருக்கும். ஃபிலிம் காலத்திலிருந்து வரும், ஒளிமானியைச் சாராத கணக்கு ஒன்று இங்கே துணை செய்யும். முழு வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, ஷட்டர் வேகம் 1/100 விநாடி என்றால், லென்ஸின் துளை (எண் கூடினால் துளை சிறுக்கும்) சாதாரணக் காட்சிக்கு எஃப் 16, பனிக்கும் வெண்மணலுக்கும் எஃப் 22 என்பது அந்தக் கணக்கு. அதையே எஃப் 8-க்கு மாற்றினால் 1/800 விநாடி வருகிறது. பகல் வெளிச்சத்தில் உங்கள் அளவு இதற்கு வெகு தொலைவில் இருந்தால் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள்.

ஒளியைக் கூட்டினால் பனி முழுவதும் வெளுத்துவிடாதா?

அளவு மீறினால் வெளுத்துவிடும். அப்படி வெளுத்த பகுதியில் பிறகு எதையும் மீட்க இயலாது. வெளுத்த பகுதிகளைத் திரையில் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையைக் கேமராவில் இயக்கி வைத்திருங்கள். பனித்துகள்களின் மேல் தெறிக்கும் சிறு மின்னல்கள் வெளுப்பது இயல்பானது, அழகும்கூட. ஆனால் கையகலப் பரப்பு ஒன்று முழுவதும் மினுக்கினால் மூன்றில் ஒரு ஸ்டாப் படிகளாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராம் இருந்தால் அதையே பாருங்கள். அந்தி வேளையில் சிகரம் சிவக்கும்போது பொதுவான வரைபடம் பத்திரமாகத் தெரிந்தாலும் சிவப்பு மட்டும் எல்லை தாண்டிவிடுவது உண்டு.

ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்த தரவைச் சுருக்காமல் அப்படியே, பதிவு செய்வது இங்கே ஓர் ஆடம்பரமல்ல. வெண்மையின் பல படிநிலைகள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும் காட்சி இது. ஜேபெக் கோப்பின் 8 பிட் பதிவில் அந்தப் படிகள் எளிதில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

பனியின் நிழல்கள் நீலமாக விழுகின்றன. அதைத் திருத்த வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதே என் கருத்து. வெயில் படும் பனிக்குச் சூரியன் ஒளி தருகிறது. நிழலில் இருக்கும் பனிக்கோ நீல வானம் மட்டுமே ஒளி தருகிறது. நேர் வெயிலின் நிற வெப்பநிலை (எண் கூடக்கூட ஒளி நீலமாகும்) ஏறக்குறைய 5500 கெல்வின் என்றால், தெளிந்த வானத்தின் கீழுள்ள நிழலில் அது 8000 கெல்வினையும் தாண்டக்கூடும். நம் கண்ணும் மூளையும் அந்த நீலத்தைத் தணித்துக் காட்டுகின்றன; கேமரா உள்ளபடியே பதிகிறது. நிழலை நடுநிலை வெண்மைக்குக் கொண்டுவர முயன்றால் வெயில் பட்ட பனி மஞ்சளாகி, குளிரின் உணர்வே படத்திலிருந்து போய்விடும். எந்த ஒளியை வெண்மையாகக் கொள்வது என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸைப் பகல் ஒளிக்கு நிலைநிறுத்திவிட்டு, நிழலை நீலமாகவே விட்டுவிடுங்கள். படம் முழுவதும், வெயில் பட்ட பகுதிகளும் உட்பட, நீலம் பூசியதுபோல் இருந்தால் மட்டுமே திருத்தம் தேவை.

பனிப்பிளவுகளுக்குள்ளும் பனியாற்றின் முகப்பிலும் காணப்படும் ஆழ்ந்த நீலத்திற்குக் காரணம் வேறு. அழுத்தத்தால் இறுகிய பனிக்கட்டிக்குள் நெடுந்தொலைவு செல்லும் ஒளியில் சிவப்புப் பகுதி உறிஞ்சப்படுவதால் நீலம் எஞ்சுகிறது. அதைத் திருத்துவது உண்மையையே அழிப்பதாகும்.

ஒரு நாளின் எந்த நேரம் சிறந்தது?

சூரியன் தாழ்ந்திருக்கும் நேரம். உச்சி வெயிலில் ஒளி மேலிருந்து நேராக விழுவதால் பனிப்பரப்பில் நிழலே இருப்பதில்லை. காற்று செதுக்கிய வரிகளும் சரிவின் மடிப்புகளும் ஒரே வெள்ளையில் மறைந்துவிடுகின்றன. அதே சரிவில் காலை எட்டு மணிக்குப் பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்போது, விரல் உயர வரிகளுக்குக்கூட நீண்ட நிழல் கிடைக்கிறது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வதைவிடத் தோளுக்குப் பக்கத்திலோ, துணிவிருந்தால் எதிரிலோ வைத்துக்கொள்ளுங்கள். எதிர் ஒளியில் பனித்துகள்கள் மின்னும். காற்று முகட்டிலிருந்து வாரி வீசும் பொடிப்பனி ஒளிரும் திரையாகத் தெரியும்.

சூரியன் தொடுவானத்திற்குச் சற்றுக் கீழே இருக்கும்போது, சிதறிய செவ்வொளி பட்டுச் சிகரங்கள் இளஞ்சிவப்பாகும் சில நிமிடங்கள் தனிச்சிறப்புடையவை. காலையில் கிழக்கு நோக்கிய முகப்புகளும் மாலையில் மேற்கு நோக்கிய முகப்புகளும் அந்த ஒளியைப் பெறும். எனவே காலையில் நீங்கள் பார்க்க வேண்டியது சூரியன் எழும் திசையை அல்ல, அதற்கு எதிர்த்திசையை. அதே எதிர்த்திசையில், தெளிந்த வானம் இருந்தால், பூமியின் நிழலே தொடுவானத்தின் மேல் கருநீலப் பட்டையாகத் தெரியும்; அதற்கு மேல் ஓர் இளஞ்சிவப்புப் பட்டையும் தெரியும். கவனித்துப் பார்ப்பவர்கள் குறைவு. கவனிக்க வேண்டிய காட்சி அது.

நடப்பவருக்கு இதில் ஒரு நன்மையும் ஒரு சிக்கலும் உண்டு. இரவுக் குளிரில் இறுகிய பனி, விடியற்காலையில் கால் புதையாமல் தாங்குகிறது. வெயில் ஏற ஏற அது இளகுவதோடு, செங்குத்தான சரிவுகளில் ஈரப்பனி நழுவுவதும் கல் உருள்வதும் கூடுகின்றன. ஆகவே விடியலுக்கு முன் கிளம்புவது படத்திற்கும் பாதுகாப்பிற்கும் ஒருசேர நல்லது. மாலை ஒளி அப்படியல்ல: அதற்காகக் காத்திருந்தால் இறங்குவது இருட்டில்தான். மாலைப் படம் வேண்டுமென்றால் கூடாரத்திற்கோ தங்கும் குடிலுக்கோ அருகிலேயே இடத்தைத் தேர்ந்துகொள்வதும், தலைவிளக்கைப் பையின் மேற்புறத்தில் வைத்திருப்பதும் அவசியம்.

மேகம் மூடிய நாளில் படமெடுக்க முடியுமா?

முடியும், ஆனால் பெருங்காட்சியை விட்டுவிட வேண்டும். வானமும் நிலமும் ஒரே வெள்ளையாகும்போது சிகரங்களைத் தேடுவது வீண் முயற்சி. அப்போது கண் தேட வேண்டியது கருமையை: பனிக்கு நடுவே ஓடும் நீரோடை, தனித்து நிற்கும் ஊசியிலை மரம், பாதி புதைந்த பாறை, செந்நிற மேலங்கி அணிந்த உடன்நடப்பவர். பனி பெய்துகொண்டிருந்தால் பின்புலம் இருண்டதாக இருக்கட்டும். அப்போதுதான் துகள்கள் தெரியும். 1/250 விநாடியிலோ அதைவிட வேகமாகவோ எடுத்தால் அவை புள்ளிகளாக உறையும்; 1/30 அளவில் கோடுகளாக நீளும்.

மேகம் கிழிந்து கிழிந்து நகரும் நாளை நான் முழு வெயில் நாளைவிட உயர்வாக மதிக்கிறேன். ஒரு சரிவு ஒளிர, அடுத்தது இருளில் கிடக்கும் அந்தப் பிரிவினையே மலைக்கு ஆழம் தருகிறது. அத்தகைய நாளில் ஓரிடத்தில் அரை மணி நேரம் காத்திருப்பது பத்து இடங்களுக்கு ஓடுவதைவிட மேலானது.

நேரில் பிரம்மாண்டமாக நின்ற சிகரம் படத்தில் ஏன் சிறுத்துவிடுகிறது?

முதற்காரணம் அகலக்கோண லென்ஸ். எல்லாவற்றையும் உள்ளடக்க வேண்டும் என்ற ஆசையில் 16 அல்லது 24 மி.மீ. லென்ஸைப் பயன்படுத்தும்போது, அருகிலுள்ளது பெருத்துத் தொலைவிலுள்ளது சுருங்குகிறது. 70 முதல் 200 மி.மீ. வரையிலான லென்ஸைக் கொண்டு காட்சியின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் பாருங்கள். முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி, சிகரம் தன் உயரத்தைத் திரும்பப் பெறும்.

இரண்டாம் காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை. தாழ்நிலங்களில் தொலைவிலுள்ள மலை மங்கலாகத் தெரிவதால் அதன் தூரத்தை நாம் உணர்கிறோம். உயரத்தில் காற்று மெலிந்து தூசியும் ஈரமும் குறைவதால் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பாறைகூடக் கூர்மையாகத் தெரிகிறது. அதனால் தூரத்தின் அடையாளமே படத்தில் இல்லாமல் போகிறது. இதற்கு ஒரே மருந்து, பார்வையாளருக்குத் தெரிந்த அளவுள்ள ஒன்றைச் சட்டகத்தில் வைப்பதுதான்: ஒரு மனிதர், ஒரு கூடாரம், ஒரு காலடித் தடம். ஆல்ப்ஸ், காகசஸ், காரகோரம் மலைகளைப் படமெடுத்த இத்தாலியரான விட்டோரியோ செல்லா (1859–1943) கனத்த கண்ணாடித் தகடுகளைச் சுமந்து சென்று எடுத்த படங்களில், பரந்த பனியாற்றின் நடுவே புள்ளிகளாகத் தெரியும் மனிதர்கள்தான் அந்த மலைகளின் பேரளவை நமக்குச் சொல்கிறார்கள். 1909-ல் அவர் கே2 சிகரத்தைச் சுற்றி எடுத்த படங்களை இன்றைக்கும் பொறுமையாகப் பார்த்துக் கற்கலாம்.

என்னென்ன கருவிகளைச் சுமக்க வேண்டும், அவற்றை எப்படிச் சுமப்பது?

பைக்குள் இருக்கும் கேமரா படமெடுக்காது. குளிரில் நின்று, பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, கையுறையைக் கழற்றி எடுப்பதற்குள் ஒளி போய்விடும். களைத்த உடல் அடுத்த முறை அந்த முயற்சியையே கைவிடும். எனவே எவ்வளவு நல்ல கேமரா என்பதைவிட அது மார்புப் பகுதியில், கைக்கு எட்டும் உறையிலோ தோள்பட்டியில் பொருத்தும் கவ்வியிலோ இருக்கிறதா என்பதே முக்கியம். கழுத்தில் ஊசலாட விட்டால் ஏறும்போது பாறையில் மோதும், பனிக்கோடரியோடும் சிக்கும்.

24–105 மி.மீ. போன்ற ஒரே ஜூம் லென்ஸ் பெரும்பாலான நடைகளுக்குப் போதும். கூடுதல் எடையைத் தாங்க முடிந்தால் எஃப் 4 அளவுள்ள இலகுவான 70–200 மி.மீ. லென்ஸைச் சேர்த்துக்கொள்ளலாம். பொடிப்பனி பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றுவதைத் தவிர்க்கவும். லென்ஸின் முன் விளிம்பில் மாட்டும் ஹூட் எப்போதும் பொருத்தப்பட்டிருக்கட்டும். பக்க ஒளியையும் பனித்துகளையும் அது ஒருங்கே தடுக்கிறது. லென்ஸில் ஒட்டிய பனியை வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் கண்ணாடியிலேயே உறைந்துவிடும். ரப்பர் ஊதியோ மென்தூரிகையோ அந்த வேலையைச் செய்யும்.

பகலில் முக்காலி தேவையே இல்லை. விடியல், அந்தி, விண்மீன்கள் ஆகியவற்றிற்கு அது வேண்டும். ஆழமான பனியில் கால்களை முழுவதும் விரித்து வைத்து அழுத்தினால் அவை மேலும் விரிய முயன்று மூட்டுகள் உடையக்கூடும். பாதி விரித்த நிலையில் இறுகிய அடுக்கைத் தொடும்வரை அழுத்துங்கள்.

போலரைசர், யூவி ஃபில்டர் ஆகியவை அவசியமா?

லென்ஸின் முன் பொருத்திச் சுழற்றினால் வானத்தைக் கறுக்கவைக்கும் ஃபில்டரான போலரைசரை எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். சூரியனுக்கு 90 டிகிரி கோணத்தில் உள்ள வானத்தில்தான் அதன் வலிமை அதிகம். அகலக்கோண லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரியும். உயரத்தில் வானம் இயல்பாகவே ஆழ்ந்த நீலம் என்பதால் முழுவதும் திருப்பினால் ஏறக்குறையக் கறுப்பாகிவிடும். கறுப்பு வெள்ளையில் அந்த இருண்ட வானம் வேண்டுமென்றே நாடப்பட்டதும் உண்டு: 1927 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் யோசெமிட்டியில் பனியில் ஏறிச் சென்ற ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், கையில் எஞ்சியிருந்த கடைசிக் கண்ணாடித் தகட்டுக்கு ஆழ்சிவப்பு ஃபில்டரைப் பொருத்தி, ஹாஃப் டோம் பாறை முகப்பின் பின்னே வானத்தை இருளாக்கினார். கண் முன் காண்பதை அப்படியே பதியாமல், தான் உணர்ந்ததைத் தீர்மானித்துப் பதிந்த செயல் அது.

யூவி ஃபில்டரைப் பொறுத்தவரை, டிஜிட்டல் சென்சார்களின் முன்னே உள்ள கண்ணாடியே புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடுவதால், லென்ஸுக்குக் கவசம் என்பதற்கு மேல் அதற்குப் பணி இல்லை.

குளிரில் பேட்டரி விரைவாகத் தீர்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

லித்தியம் அயன் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகி, உள் மின்தடை உயர்கிறது. ஆற்றல் உண்மையில் தீர்ந்துவிடவில்லை. வெளிவர இயலாமல் நிற்கிறது. அதனால்தான் தீர்ந்ததாகக் காட்டிய பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வைத்துச் சூடாக்கினால் மீண்டும் சிறிது வேலை செய்கிறது. உதிரிப் பேட்டரிகளை உடலோடு ஒட்டிய பையில் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். இரவில் அவை தூக்கப்பைக்குள் உங்களோடு இருக்கட்டும். சுழியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் பேட்டரியை மின்னேற்றக் கூடாது. உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரச் சேதம் ஏற்படும்.

கையுறையோடு எப்படி இயக்குவது?

உள்ளே மெல்லிய கையுறை, வெளியே கனத்த உறை என்று இரண்டு அடுக்காக அணிந்து, படமெடுக்கும் நேரத்தில் வெளியுறையை மட்டும் கழற்றுங்கள். அது காற்றில் பறந்துபோகாமல் மணிக்கட்டில் ஒரு கயிறு இருக்கட்டும். உறைகுளிரில் வெறும் விரலால் உலோகத்தைத் தொடாதீர்கள். அமைப்புகளை எல்லாம் குடிலைவிட்டுக் கிளம்பும் முன்பே செய்துவிட்டால் மலையில் தொட வேண்டியவை இரண்டு மூன்று பொத்தான்கள் மட்டுமே.

ஆட்டோஃபோகஸ் பனியில் தடுமாறுகிறதே?

அது வேறுபாட்டைக் கொண்டே இயங்குகிறது; சீரான வெள்ளையில் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. பாறையின் விளிம்பிலோ நிழலின் எல்லையிலோ ஃபோகஸ் புள்ளியை வைத்துப் பூட்டிவிட்டு, பிறகு சட்டகத்தை அமையுங்கள். எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைத்தால் அருகிலிருந்து தொலைவு வரை போதுமான கூர்மை கிடைக்கும்.

கைப்பேசி மட்டும் இருந்தால் போதுமா?

பகல் வெளிச்சத்தில் தாராளமாகப் போதும். திரையில் பனியைத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியை மேலே இழுத்து ஒளியைக் கூட்டுங்கள். மேலே சொன்ன ஒளிமானிச் சிக்கல் இங்கும் உண்டு. படமெடுக்க ஒலியளவுப் பொத்தானைப் பயன்படுத்தினால் கையுறையைக் கழற்ற வேண்டாம். கைப்பேசி தானாகவே நிழல்களைத் தூக்கிவிடுவதால் பனியின் உருவம் தட்டையாகிவிடுவதுதான் பெரிய குறை. ரா வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்துமாறு ஆப்பிள் நிறுவனமே குறிப்பிடுகிறது. வழி பார்க்கவும் உதவி கோரவும் அதே கைப்பேசியை நம்பியிருந்தால், படத்திற்காக அதன் மின்னாற்றலை முழுவதும் செலவழிக்காதீர்கள்.

படமெடுப்பவர்கள் குறிப்பாக எந்த ஆபத்துகளைக் கவனிக்க வேண்டும்?

ஃபைண்டரில் கண் வைத்திருக்கும்போது காலடியை நாம் பார்ப்பதில்லை. பனிமலையில் அதைவிட ஆபத்தான பழக்கம் இல்லை. முதலில் நின்று, நிற்கும் இடத்தைச் சோதித்து, அதன்பின் கேமராவைத் தூக்குங்கள். இன்னும் ஓரடி பின்னால் போக வேண்டும் என்றால் கேமராவை இறக்கிவிட்டே நகருங்கள்.

முகடுகளில், காற்று வீசிச் சேர்த்த பனி வெற்றிடத்தின் மேல் கூரைபோல் வெளியே நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் அது உறுதியான தரையாகவே தெரியும். நல்ல காட்சியும் அங்கிருந்துதான் தெரியும். அது உடையும்போது விளிம்பில் மட்டுமல்ல, எதிர்பார்ப்பதைவிட வெகுவாக உள்ளே தள்ளி உடைகிறது. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில் நிகழ்கின்றன. சரிவின் மேல் நிற்காவிட்டாலும் அதன் அடிவாரத்தில் முக்காலியை நிறுத்திக் காத்திருப்பதும் அதே ஆபத்துக்கு உட்பட்டதே. அந்தந்தப் பகுதியின் பனிச்சரிவு அறிவிப்பைக் காலையில் படித்துவிட்டு, படம் எங்கே எடுப்பது என்று அதன்பின் முடிவு செய்யுங்கள். பனியாற்றின் மேல் கயிற்றில் பிணைந்து செல்லும்போது, கோணம் தேடிக் கயிற்றைத் தளர்த்தவோ அவிழ்க்கவோ கூடாது.

புற ஊதாக் கதிர் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்திற்கும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது; புதுப்பனி அதில் பெரும்பகுதியைக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கிறது. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் படமெடுப்பவருக்குப் பனிக்குருடு எளிதில் வரும். வலி உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்தே தொடங்கும். போலரைஸ்டு குளிர்கண்ணாடி சில திரைகளைக் கறுப்பாக்கிக் காட்டும் என்பதால், போலரைஸ் செய்யாத கருங்கண்ணாடி படமெடுப்பவருக்கு வசதியானது. 3000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. நல்ல ஒளி நாளைக்கு மேலே காத்திருக்கிறது என்பது அதை மீறக் காரணமாகாது.

முன்புறப் பனியில் என் காலடித் தடங்களே விழுந்துவிடுகின்றன. தவிர்ப்பது எப்படி?

நடப்பதற்கு முன் சட்டகத்தை முடிவு செய்வதே வழி. எங்கு நிற்கப் போகிறோம் என்று தொலைவிலிருந்தே பார்த்து, பாதுகாப்பான பக்கமாகச் சுற்றி வந்து சேருங்கள். உடன் வருபவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குளிரிலிருந்து சூடான அறைக்கு வந்ததும் கேமரா ஈரமாவதை எப்படித் தடுப்பது?

அறையின் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியிலும் உலோகத்திலும் பட்டுத் துளிகளாகிறது. அது லென்ஸுக்குள்ளும் படியலாம். வெளியே இருக்கும்போதே மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு மூடுங்கள். அறையில் இரண்டு மூன்று மணி நேரம் திறக்காமல் விட்டால் ஈரம் பையின் வெளிப்புறத்தில் மட்டுமே படியும். மறுநாள் விடியலில் மீண்டும் வெளியே போவதாக இருந்தால், கேமராவை அறைக்குள் கொண்டுவராமல் குளிரிலேயே பாதுகாப்பாக வைத்துவிடுவது இன்னும் எளிது.

கணினியில் திருத்தும்போது எதில் கவனம் தேவை?

பனியின் வெண்மை முழு வெள்ளையைத் தொடாமல் நிற்க வேண்டும். 0 முதல் 255 வரையிலான அளவில், வெயில் பட்ட பனி 240-ஐ ஒட்டி இருந்தால் அதில் துகள்களின் நயம் தெரியும். நிழல்களைத் தூக்கும் கருவியைத் தொடுவதற்கு முன் தயங்குங்கள். மலையின் வடிவத்தை அந்த நிழல்களே சுமக்கின்றன. வேறுபாட்டைக் கூட்ட விரும்பினால் படம் முழுவதற்கும் கூட்டாமல், மென்பொருளின் கர்வ்ஸ் கருவியில் வெளிச்சப் பகுதியின் வளைகோட்டை மட்டும் சற்றே செங்குத்தாக்கிப் பாருங்கள். பனியின் வரிகள் எழும்பி வரும், பாறைகள் கறுத்துப்போகா. நீல நிழல்களின் செறிவு மிகையாகத் தோன்றினால் அந்த நிறத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து, படத்தை மறுநாள் ஒருமுறை பார்த்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.